ஐம்பதாம் எண் சாலையில் நான்காவது கியர்

கலிஃபோர்னியாவின் மேற்கு சாக்ரமெண்டோவில் 50-ஆம் எண் நெடுஞ்சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. 'ஓஷன் சிட்டி, மேரிலாந்து: 3,073 மைல்' என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் அட்லாண்டிக் கடல் வந்துவிடும். நாங்கள் அதில் ஆறில் ஒரு பங்கு போனால் போதும். நெவாடா மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டியிருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்கா வரைக்கும்தான் பயணம்.

வண்டி சித்தப்பாவுடையது. 1991-இல் செய்த சுவீடன் நாட்டு செடான், ஆட்டோமேட்டிக் கியர். சில வாரங்களாக அதில் ஒரு கோளாறு. முதல் மூன்று கியர்களும் ஒழுங்காக விழும். நான்காவது மட்டும், கிளம்பி அரைமணி நேரம் ஆனதும் காணாமல் போய்விடும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப வரும். ஊரில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். ஓட்டிப் பார்க்காமலே, கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும் என்று சொல்லி, வண்டி விற்றால் வரும் பணத்தைவிடப் பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"ஒரு தெரு கூட ஓட்டிப் பாக்கலடா அவங்க. நெவாடாவுல ஓட்டிப் பாப்போம், அதுவே சொல்லிடும்" என்றார் சித்தப்பா. எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். பின்சீட்டில் எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் மல்டிமீட்டரும் கொஞ்சம் ஒயரும் இருந்தன.

நான்காவது கியர் இல்லாமல் அவ்வளவு தூரம் போகலாமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. போகலாம். அந்த வண்டியில் நான்காவது என்பது ஓவர்டிரைவ். இழுவைக்கு அது தேவையில்லை. வேகம் எடுத்த பிறகு எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அது. மூன்றாவது கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் ஒரு சுற்று. நான்காவதில் எஞ்சின் 0.69 சுற்று சுற்றினாலே வெளித்தண்டு முழுச்சுற்று வந்துவிடும். மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,400 சுற்று சுற்றும். நான்காவதில் 2,400 போதும். அந்த ஆயிரம் சுற்றுதான் பெட்ரோல் செலவு, சத்தம், தேய்மானம் எல்லாம்.

இந்த ஏற்பாடு பழையது. 1934-இல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ கார்களிலேயே, கையால் கியர் போடும் பெட்டிக்குப் பின்னால் தனியாக ஓர் ஓவர்டிரைவ் இருந்தது. ஆட்டோமேட்டிக் கார்களில் அது பரவலானது 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. 1974 தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் 55 மைல் என்று வேக வரம்பு கொண்டுவந்தார்கள். கார் நிறுவனங்களும் ஒரு லிட்டர் பெட்ரோலில் இன்னும் கொஞ்ச தூரம் எப்படி ஓடலாம் என்று தேட ஆரம்பித்தன. ஃபோர்டு 1980-இல் தன் நான்கு வேக ஓவர்டிரைவ் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. எங்கள் சுவீடன் வண்டிக்குள் இருந்ததோ ஜப்பானில் செய்த பெட்டி.

அந்த வண்டியில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது. அந்த இடத்தில் ஒரு பெரிய கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அதனால் கியர் மாறுவதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். சித்தப்பா சங்கீதக்காரர், வீட்டில் தம்பூரா இல்லாமல் உட்கார மாட்டார். "மேல் ஸட்ஜமத்துல நிக்கும் பாரு, கால லேசா எடுத்தா மத்திமத்துக்கு இறங்கும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.69 என்ற விகிதம் சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையில் சரியாக வந்து உட்காருகிறது. கிளம்பியதும் 45 மைல் வேகத்தில் அந்த இறக்கம் தெளிவாகக் கேட்டது. பிளாசர்வில் ஊரை நெருங்கும்போது, தங்கவேட்டைக் காலத்து மரவீடுகள் கண்ணில் படத் தொடங்கியபோது, எஞ்சின் மேல் ஸட்ஜமத்துக்கு ஏறியது. ஏறியதுதான், இறங்கவில்லை.

அங்கே நிறுத்தி முதல் சோதனை. சமதரையில், எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டுப் 'பார்க்'கில் வைத்து டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். வெள்ளைத் துணியில் துடைத்தார். அளவு சூட்டுக்குரிய கோட்டில் இருந்தது. நிறம் சிவப்பு. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கருகல் வாடை இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் எரிந்திருந்தால் ஆயில் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடிக்கும், துணியில் கரித்தூள் ஒட்டும். பட்டறைக்காரர்கள் இதைக்கூடச் செய்யவில்லை என்பதை நினைத்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு துண்டுத் துணி போதும் இதற்கு.

இரண்டாவது சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. இந்த வகைப் பெட்டியில் ஓவர்டிரைவ் பகுதி முன்னால் இருக்கிறது; எஞ்சினிலிருந்து வரும் விசை முதலில் அதன் வழியாகத்தான் மற்ற மூன்று கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும் போகும். அந்தக் கியர்களில் ஒரு கிளட்ச் அதை ஒரே கட்டாகப் பிடித்துச் சுழற்றுகிறது. நான்காவதில் அந்தக் கிளட்ச் விடும், நடுப்பல்சக்கரத்தை ஒரு பிரேக் பிடித்து நிறுத்தும். ஆகவே, ரிவர்ஸும் மூன்று கியர்களும் நழுவாமல் இழுத்தால் பம்ப், ஆயில் அழுத்தம், அந்தக் கிளட்ச் மூன்றும் நலம். சந்தேகம் சுருங்கிவிடுகிறது: ஒன்று அந்த பிரேக், அல்லது அதற்கு ஆயிலைத் திறந்துவிடும் வால்வு, அல்லது அந்த வால்வுக்கு உத்தரவு கொண்டுபோகும் மின்சாரம். இந்த மூன்றில் கடைசியைச் சோதிக்கத்தான் காசு மிகக் குறைவு. சித்தப்பா அங்கிருந்து தொடங்க நினைத்தார்.

எக்கோ கணவாயைத் தாண்டி, 7,382 அடி உயரத்திலிருந்து டாஹோ ஏரிக்கு இறங்கினோம். ஏரிக்கரையில் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். புளிசாதம். ஏரி அவ்வளவு நீலமாக இருக்கும் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டாலும் கண்ணால் பார்க்கும்போதுதான் நம்ப முடிகிறது. சாப்பிட்டு எழுந்து வண்டியை எடுத்தோம். உடனே நான்காவது விழுந்தது.

"கவனிச்சியா? கியர்பாக்ஸ் இன்னும் கொதிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. அவ்வளவு பெரிய இரும்பு இதுக்குள்ள ஆறாது. உள்ள இருக்கிற சின்ன சாமான் ஏதோதான் ஆறியிருக்கு."

சூடானால் கோளாறு, ஆறினால் சரி என்பது ஆயில் கசியும் பழைய சீல்களாலும் வரும், விரிசல் விட்ட சாலிடராலும் வரும். இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். எது சூடாயிற்று, எது ஆறிற்று என்று பிரித்துப் பார்த்தால்தான் வழி கிடைக்கும். ஏரிக்கரையில் கிடைத்தது சந்தேகத்துக்கு ஒரு திசை, அவ்வளவே. அதை நிரூபிக்க எங்களுக்கு அமைதியான ஓரிடம் தேவைப்பட்டது.

அது ஃபாலனுக்குக் கிழக்கே கிடைத்தது. 1986-இல் 'லைஃப்' பத்திரிகை இந்தச் சாலையின் நெவாடாப் பகுதியை அமெரிக்காவிலேயே தனிமையான சாலை என்று எழுதியது. மாநிலத்தார் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு, வழியிலுள்ள ஊர்களில் முத்திரை வாங்கிக்கொள்ளும் ஒரு பயணக் கையேட்டை அச்சிட்டார்கள். ஃபாலனை விட்டால் அடுத்த ஊரான ஆஸ்டின் 110 மைல் தள்ளி. இடையில் உப்புவெளி. வடபுறம் சாண்ட் மவுண்டன் என்ற ஒற்றை மணல் மேடு, 600 அடி உயரம். மணல் சரியும்போது ஹும்மென்று முழங்கும் மேடு அது. 1860-இல் தபால் பைகளோடு குதிரைகள் ஓடிய பாதையும் இந்தப் பக்கம்தான். ஒன்றரை வருஷம் ஓடி, தந்திக் கம்பி வந்ததும் அந்தத் தபால் நின்றுபோனது.

நான்காவது மறுபடி போயிருந்தது. சாலையை விட்டு இறங்கி, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் 'ஆன்'-இல் வைத்தார் சித்தப்பா. ஃபாலனில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. இரண்டு போர் விமானங்கள் தலைக்கு மேல் போனதால் கொஞ்சம் பொறுத்தோம். அதன் பிறகு நிலவிய நிசப்தத்தை எந்த நகரத்துப் பட்டறையும் கொடுக்க முடியாது. கியர் குச்சியின் பக்கவாட்டில் ஓவர்டிரைவ் பொத்தான். அதை அவர் அழுத்த, நான் டேஷ்போர்டுக்கு அடியில் காதை வைத்தேன். உள்ளே மெலிதாக ஒரு 'டிக்'. மீட்டர் பலகையில் அம்புக்குறி விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த, 'டிக்', விளக்கு அணைந்தது. ஓவர்டிரைவ் தடுக்கப்பட்டிருந்தால் விளக்கு எரிய வேண்டும், அனுமதிக்கப்பட்டால் அணைய வேண்டும், அது சரிதான். இப்போது கியர்பாக்ஸ் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். ஆயிலைத் திறந்துவிடும் அந்த வால்வு, இடப்பக்கம் பொருத்தியிருக்கும் சொலினாய்டு வால்வு, அதுவும் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று அடிக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. உத்தரவு கிளம்புகிறது, போய்ச் சேரவில்லை.

எங்கள் வண்டியில் அந்த வால்வுக்கு மின்சாரம் கிடைத்தால்தான் நான்காவது வரும். கிடைக்காவிட்டால் மூன்றோடு நின்றுவிடும். எல்லா வண்டியும் இப்படி இல்லை. சிலவற்றில் மின்சாரம் போனால்தான் ஓவர்டிரைவ் வரும். வயரிங் படத்தைப் பார்க்காமல் இதில் கை வைப்பது வீண்.

கையுறைப் பெட்டியைத் திருகு கழற்றி எடுத்தால் பின்னால் ரிலே. பொத்தானின் உத்தரவை வாங்கி 'டிக்' என்று அடித்தது அதுதான். அதை உருவி, சாக்கெட்டில் சொலினாய்டுக்குப் போகும் முனைக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். சுமார் 13 ஓம். வால்வின் சுருள் அறுந்திருந்தால் முடிவிலி காட்டும், ஒயர் எங்காவது உரசித் தரையைத் தொட்டிருந்தால் பூஜ்யத்துக்கு வரும். பதின்மூன்று என்றால் ஒயரும் நலம், சுருளும் நலம். அடுத்து, நடுவில் சிறிய ஃப்யூஸ் வைத்த ஒரு துண்டு ஒயரை எடுத்து, சாக்கெட்டில் மின்சாரம் வரும் முனையிலிருந்து சொலினாய்டு முனைக்குத் தொட்டார். கீழே, எங்கள் காலுக்கு அடியில், 'டக்'.

அந்த ஒரு சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்து உப்புவெளி முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆனால் வால்வு திறந்தால் போதாது. உள்ளே பிரேக் பிடிக்க வேண்டும். அதை ஓட்டித்தான் பார்க்க முடியும். நெவாடாவின் நிலம் இதற்கென்றே அமைந்தது. பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுப் பிளந்து, வடக்கு தெற்காக மலைத்தொடர்களும் நடுவே பள்ளத்தாக்குகளுமாக மாறி மாறிக் கிடக்கிறது. சாலை ஒரு கணவாயில் ஏறும், அடுத்து ஒரே கோடாகப் பள்ளத்தாக்கைக் கடக்கும், மறுபடி கணவாய். ஏற்றத்தில் கீழ்க் கியர்களின் இழுவை தெரிந்துவிடும், சமவெளியில் ஓவர்டிரைவின் பிடிப்பு. ஒயரை மாட்டிக்கொண்டு சமவெளியில் 45 தொட்டதும் மத்திமம் வந்தது. 65-இல் நிலையாக வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினார். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வேகம் கூடாமல் இருந்தால் பிரேக் நழுவுகிறது என்று அர்த்தம். பட்டறைக்காரர்கள் சொன்னது சரியென்றாகும். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறின. திரும்பத் திரும்பச் செய்தார். நழுவவில்லை.

மிடில்கேட்டைத் தாண்டியதும் சாலையோரக் காட்டன்வுட் மரம் ஒன்றில் ஜோடி ஜோடியாகச் செருப்புகள் தொங்குகின்றன. அங்கே முன்பு இருந்த பெரிய செருப்பு மரத்தை 2010 டிசம்பர் இறுதியில் யாரோ இரவோடிரவாக வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஜனங்கள் பக்கத்து மரத்தில் மாட்டத் தொடங்கினார்கள்.

நேரடி ஒயரில் ஒரு சங்கடம் உண்டு. ரிலே இல்லாததால் பொத்தான் வேலை செய்யாது. ஓவர்டிரைவ் எப்போதும் அனுமதியிலேயே இருக்கும். ஏற்றத்தில் வண்டி நான்குக்கும் மூன்றுக்குமாக அலைபாயும். அதைப் பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். கோளாறில்லை, ஆனால் அப்படி ஓட்டினால் ஆயில் சூடேறும், தகடுகள் தேயும். சுமை இழுக்கும்போதும் மலை ஏறும்போதும் ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள் என்று கார்ப் புத்தகங்களில் எழுதியிருப்பது அதனால்தான். இறக்கத்திலும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒயர் என் கையில். ஆஸ்டினைத் தாண்டி 7,484 அடிக் கணவாயில் ஏறும்போது, "எடுத்துடு" என்பார், முனையைக் கழற்றுவேன். மறுபக்கம் இறங்கிச் சமவெளி வந்ததும், "போடு". எழுபது மைலும் இப்படியே யுரேகாவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

யுரேகா வெள்ளியும் ஈயமும் உருக்கிய ஊர். 1880-இல் கட்டிய ஆப்பரா ஹவுஸ் இன்னும் செங்கல் சுவரோடு நிற்கிறது. பெட்ரோல் போடும்போது பக்கத்தில் ஒரு பழைய அமெரிக்க பிக்கப். ஓட்டி வந்தவர் வயதான பண்ணைக்கார அம்மாள். எங்கள் கையுறைப் பெட்டி திறந்து ஒயர் தொங்குவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். தன் வண்டியிலும் ஓவர்டிரைவ் விளக்கு எரிகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள் என்றார்.

"நின்னு எரியுதா, மின்னி மின்னி எரியுதா?" என்பதுதான் சித்தப்பாவின் முதல் கேள்வி. நின்று எரிந்தால் பொத்தான் அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். மின்னினால், கம்ப்யூட்டர் ஏதோ கோளாற்றைக் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டைப் படித்துக் காட்டச் சொல்லாமல் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த மாதிரி வண்டிகளில் நான்காவது விழுந்த பிறகு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும். இன்னொரு கியர் மாறியது போலவே இருக்கும். பூட்டு வேலை செய்யாததை ஓவர்டிரைவ் போனது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சீரான வேகத்தில் போகும்போது இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் பூட்டு விடும். சத்தம் சிறிதளவு ஏறும். ஓவர்டிரைவை அணைத்தால் ஏறுவது அதைவிடப் பல மடங்கு. இரண்டையும் செய்து பார்த்தால் எது இல்லை என்று தெரிந்துவிடும். அந்த அம்மாள் ரசீதின் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பிண்டோ, பான்கேக், லிட்டில் ஆண்டிலோப், ராபின்சன் என்று கணவாய்கள். ஏலி ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. அங்கே ஒரு ஹார்டுவேர் கடை மூடுவதற்குள் சாலிடரிங் இரும்பும் ஈயக் கம்பியும் வாங்கிவிட்டோம். மோட்டல் மேசையில் செய்தித்தாள் விரித்து, ரிலேயின் மூடியை நெம்பிக் கழற்றினார் சித்தப்பா. பூதக்கண்ணாடியில் எனக்குக் காட்டினார்: ஒரு பின்னைச் சுற்றிச் சாலிடரில் மயிரிழை மாதிரி வட்டமான விரிசல். சூடானால் விலகி, ஆறினால் தொடுகிற விரிசல். சொலினாய்டுக்குப் போகும் பின்தான் அது. முப்பது ஆண்டுக்கும் மேலாக வெயிலிலும் பனியிலும் விரிந்து சுருங்கிய ஈயம். யாரையும் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, எல்லாப் பின்களுக்கும் புதிதாக வைத்தார்.

காலையில் ரிலேயைச் செருகிக் கிளம்பினோம். கானர்ஸ் கணவாய் 7,722 அடி. ஏறும்போது பொத்தானை அழுத்தினார். அம்புக்குறி எரிந்தது, மூன்றாவது பிடித்தது. அப்பால் ஸ்பிரிங் பள்ளத்தாக்கில் மறுபடி அழுத்தினார், மத்திமம். அரைமணி தாண்டியும், அடுத்த கணவாய் தாண்டியும், பேக்கர் கிராமம் வரும்வரையும் அது இறங்கிய இடத்திலேயே நின்றது. மேலே வீலர் சிகரம், 13,063 அடி. அந்தச் சரிவில் ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுள்ள பிரிஸ்டில்கோன் பைன் மரங்களைப் பார்க்கத்தான் வந்திருந்தோம். அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

முகாமில் வண்டியை நிறுத்திய பிறகு சித்தப்பா அட்டையை விரித்து அடியில் படுத்துப் பார்த்தார். சொலினாய்டு உட்காரும் இடத்தில் சிவப்பாக ஈரம். அதன் ரப்பர் வளையங்கள் இறுகிப்போய் ஆயில் கசிகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளும் கொஞ்சம் தொங்கலாக இருந்தது. அது தளர்ந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து தகடுகள் நழுவும், அதிகம் இழுத்துக் கட்டினால் கியர்கள் தாமதமாக மாறும். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "வளையம் ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம். கேபிளை இப்பவே சரி பண்ணிடுவோம், அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்றார்.